பத்துக் கைப் பிள்ளை, ரெண்டு கை அம்மா

பஸ்ஸில் குழந்தை அழுதால் அது பஸ்ஸுக்கே பிரச்சினை. விமானத்தில் அழுதால் அம்மாவுக்கு மட்டும்தான் பிரச்சினை. ஆற்காட்டிலிருந்து வேலூர் வரும் டவுன் பஸ்ஸில் பாப்பா வீறிட்டால், பின் சீட்டிலிருந்து ஏதோ ஒரு ஆயா "இங்க குடும்மா" என்று கையை நீட்டிவிடும். கண்டக்டர் விசிலை மெல்ல ஊதி விளையாட்டுக் காட்டுவார். "பசிக்குதோ இன்னாவோ, பாலு குடேன்" என்று எங்கிருந்தோ ஒரு உத்தரவும் வரும். சில நேரம் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் குழந்தை கைமாறிவிடும், நம் இடுப்புக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.

விமானத்தில் எல்லாரும் பெல்ட் போட்டுக்கொண்டு முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. எழுந்து வந்து குழந்தையை வாங்கிக்கொள்ளும் வழக்கம் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

என் கணவர் ஷார்ஜாவில் வேலை செய்கிறார். பாப்பாவுக்கு ஏழு மாதம் ஆனபோது அவளைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. போவதற்கு முன் இணையத்தில் கிடைத்த பட்டியல்கள் எல்லாவற்றையும் படித்தேன். இத்தனை டயப்பர், இத்தனை மாற்றுத் துணி, ஜிப் வைத்த பைகள், புது பொம்மை. எல்லாம் சரிதான். ஆனால் என் கவலை வேறு. வேலூர் சத்துவாச்சாரியில், என் மாமியார் வீட்டில் அவள் பத்துக் கையில் வளர்ந்த பிள்ளை. குளிப்பாட்டுவது அத்தை, சாம்பிராணி காட்டுவது நாத்தனார், சாயங்காலம் தெருவில் மாடு காட்டப் போவது மாமா, தூளி ஆட்டுவது அந்த நேரத்தில் ஹாலில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள். பக்கத்து வீட்டு ஆயா வேறு தினமும் வந்து ஒரு மணி நேரம் கால்மேல் போட்டுக்கொண்டு கதை பேசிவிட்டுப் போகும். தொடர்ந்து அரை நாள் என் ரெண்டு கையை மட்டும் நம்பி அவளை நான் வைத்திருந்ததே கிடையாது. எந்தப் பட்டியலிலும் கைகள் எத்தனை என்று போட்டிருக்கவில்லை.

முதலில் பாஸ்போர்ட். கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும், அப்பா அம்மா பாஸ்போர்ட்டில் சேர்த்துக்கொள்ளும் காலம் போய்விட்டது. 2023 அக்டோபர் 1ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான், வேறு எதையும் ஏற்க மாட்டார்கள். அதனால் சான்றிதழில் எழுத்துப் பிழை இருந்தால் அதைத் திருத்தும் வேலையை முதலில் முடியுங்கள். இரண்டு பெற்றோரின் ஒப்புதல் கையெழுத்தும் வேண்டும் என்பதால், என் கணவர் விடுமுறையில் வந்திருந்த நாட்களிலேயே அந்த வேலையை முடித்துக்கொண்டோம். எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் புது பாஸ்போர்ட் கட்டணத்தில் 10 சதவீதம் தள்ளுபடி உண்டு. சின்னவர்களுக்கு ஐந்து வருடத்துக்குத்தான் தருகிறார்கள். அதற்குள் முகமே மாறிவிடும் என்பதால் அது நியாயம்தான்.

விண்ணப்பம் நிரப்பும்போது மாமா பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். அவருடைய பழைய காகிதங்களில் வட ஆற்காடு மாவட்டம். 1989ல் அதைப் பிரித்துத் திருவண்ணாமலைப் பக்கத்தைத் தனியாக்கியபின் பிறந்த என் கணவருக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். 2019ல் வேலூர் மூன்றானதால், என் அம்மா வீட்டில், ஆற்காட்டில், பிறந்த பாப்பாவுக்கு ராணிப்பேட்டை மாவட்டம். "மூணு தலைமுறையும் ஒரே ஆத்தங்கரைதான், மாவட்டம்தான் மாறிக்கினே இருக்குது" என்றார்.

நாலு வயதுக்குக் கீழே இருந்தால் போட்டோ நாமே கொண்டுபோக வேண்டும். பின்னணி வெள்ளை, கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும். கன்னத்து மைப்பொட்டை அழிக்க அத்தை சம்மதிக்கவில்லை. கடைசியில் பொட்டைத் துடைத்து, போட்டோ எடுத்து, ஸ்டூடியோ வாசலிலேயே மறுபடி வைத்து, உள்ளங்காலிலும் ஒன்று கூடுதலாக வைத்துத்தான் வீட்டுக்குக் கூட்டிவந்தோம்.

நம் ஊர்க்காரர்களுக்கு விமானப் பயணம் என்பது முக்கால்வாசி தரைப் பயணம். வேலூர் பக்கத்து அப்துல்லாபுரத்தில் ஓடுதளம் இருக்கிறது, சின்ன ஊர்களுக்கு விமானம் விடும் உடான் திட்டத்தில் விமானம் வரப்போகிறது என்று பேப்பரில் படித்துக்கொண்டே இருக்கிறோம். வரட்டும். அதுவரை சென்னை விமான நிலையம்தான். வேலூரிலிருந்து ஏறக்குறைய 130 கிலோமீட்டர். பெங்களூரு விமான நிலையம் இன்னும் தூரம், அதுவும் தேவனஹள்ளியில், பெங்களூரு நகரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வாலாஜாவைத் தாண்டினால் காவேரிப்பாக்கம், ஓச்சேரி, தாமல் என்று ஆறுவழிச் சாலைக்காக வருஷக்கணக்கில் வெட்டி வைத்திருக்கிறார்கள். எந்த இடத்தில் எப்போது சர்வீஸ் ரோட்டில் இறக்கிவிடுவார்கள் என்று டிரைவருக்கே தெரியாது. ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி பஸ்கள் ஷிப்ட் மாறும் நேரத்தில் மாட்டினால் இன்னும் மோசம். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் அங்கே இருக்க வேண்டும். அதற்கும் முன்னால் நான்கு மணி நேரம் வைத்துக்கொண்டு கிளம்பினோம்.

இந்தச் சாலையில் குழந்தையோடு போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பால் கொடுக்க வண்டியை நிறுத்துங்கள். ஓடுகிற காரில், பெல்ட் போடாமல், சாய்ந்துகொண்டு பால் கொடுப்பது நம் வீடுகளில் சாதாரணம். விமானத்தில் பெல்ட்டுக்கு அவ்வளவு பயப்படுகிற நாம், அதைவிடப் பல மடங்கு ஆபத்தான இந்த நெடுஞ்சாலையில் குழந்தையை மடியில் சும்மா வைத்துக்கொண்டு போகிறோம். வாடகைக் காரில் குழந்தைக்கான இருக்கை பெரும்பாலும் கிடைக்காது. சொந்தக் கார் வைத்திருப்பவர்களாவது ஒன்று வாங்கி மாட்டலாம். பெயர் சூட்டு விழாவுக்கு வருகிற வெள்ளிக் கொலுசுகளில் பாதியின் காசு போதும்.

பகல் நேர உள்நாட்டு விமானம் என்றால் காரே வேண்டாம் என்பேன். காட்பாடியில் ரயில் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் சென்ட்ரல், அங்கே சுரங்கப்பாதையில் இறங்கி மெட்ரோ பிடித்தால் நேராக விமான நிலையம். ரயிலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம், கழிப்பறை இருக்கிறது, எதிர் சீட்டு ஆயாவும் நிச்சயம் இருக்கும். சுமைக்கு மட்டும் கூட ஒரு ஆள் வேண்டும்.

விமான நிலையத்தில் வாசலோடு மாமாவும் அத்தையும் நின்றுவிட்டார்கள். டிக்கெட் இருப்பவர்தான் உள்ளே போகலாம். அந்தக் கண்ணாடிக் கதவைத் தாண்டும்போதுதான் பத்துக் கை இரண்டாகிறது. தோளில் ஒரு பை, இடுப்பில் அவள், கையில் இரண்டு பாஸ்போர்ட், வாயில் போர்டிங் பாஸ். தள்ளுவண்டி வைத்திருப்பவர்கள் பெரும்பாலான விமானங்களில் ஏறும் வாசல் வரை அதைத் தள்ளிக்கொண்டே போய் அங்கே கொடுத்துவிடலாம், கட்டணம் கிடையாது. நான் துணிப்பட்டையில் அவளை நெஞ்சோடு கட்டிக்கொண்டேன். கை இரண்டும் திரும்பக் கிடைத்தன. புறப்படும்போதும் இறங்கும்போதும் பணிப்பெண் அதைக் கழற்றச் சொல்வார், அது தெரிந்திருந்தால் போதும்.

கவுன்டரில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தால் அதைத் தரச்சொல்லிக் கேட்டேன். அப்போது ஒரு விஷயம் தெரிந்தது. இரண்டு கைக்குழந்தைகளை ஒரே வரிசையின் ஒரே பக்கத்தில் உட்கார வைக்க மாட்டார்கள். காரணம், மூன்று இருக்கைக்கு மேலே பொதுவாக நான்கு ஆக்சிஜன் மாஸ்க்தான் இருக்கும். மூன்று பெரியவர்கள், ஒரு குழந்தை, கணக்கு முடிந்தது. அதனால் கைக்குழந்தை வைத்திருக்கும் இரண்டு தோழிகள் சேர்ந்து பேசிக்கொண்டே போகலாம் என்று திட்டம் போட்டால் நடுவில் நடைபாதை வந்துவிடும்.

பாதுகாப்புச் சோதனைக்கு நான் பயந்தது தண்ணீருக்காக. வெளிநாட்டு விமானத்தில் கையில் எடுத்துப்போகும் திரவம் ஒவ்வொன்றும் 100 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது. ஆனால் குழந்தைக்கான பால், தண்ணீர், உணவுக்குப் பயணத்துக்குத் தேவையான அளவு விலக்கு உண்டு. தனியாக எடுத்துக் காட்டினால் போதும். அம்மா கொடுத்துவிட்ட ஆற்காட்டு மக்கன் பேடா பாகில் மிதந்துகொண்டிருந்ததால் அதைப் பெரிய பெட்டியில் போட்டேன். கொப்பரைத் தேங்காய் எந்தப் பெட்டியிலும் கூடாது, எண்ணெய்ப் பசையால் தானாகச் சூடாகித் தீப்பிடிக்கும் பொருட்களின் பட்டியலில் அது இருக்கிறது. அத்தை வைத்ததை வீட்டிலேயே எடுத்துவிட்டேன்.

மாட்டிக்கொண்டது வேறு ஒன்று. திரைக்குப் பின்னால் பெண் காவலர் கைக்கருவியை என்மேல் ஓட்டி முடித்து, பாப்பாமேல் கொண்டுபோனதும் அது கத்தியது. ஜட்டியைக் கொஞ்சம் இறக்கி வெள்ளி அரைஞாணைக் காட்டினேன். தலையாட்டினார். பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்தார். கறுப்பு வெள்ளை மணிகளுக்கு நடுவே, சுட்டுக் கருகிய வசம்புத் துண்டு கோத்த வளையல். அந்த வடநாட்டுப் பெண்ணுக்கு அது என்ன என்று புரியவில்லை. கட்டை விரலால் தேய்த்தார், விரலில் கறுப்பு ஒட்டியது, மூக்கருகே கொண்டுபோனார். "தவாயி" என்றேன். எனக்குத் தெரிந்த நாலைந்து இந்திச் சொற்களில் அது ஒன்று. வேலூரில் ஆஸ்பத்திரியைச் சுற்றி வளர்ந்தவர்களுக்கு மருந்துக்கு எல்லா மொழியிலும் வார்த்தை தெரியும். அவர் சிரித்துவிட்டு, வசம்பு ஒட்டிய விரலைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டு, போகலாம் என்று கையைக் காட்டினார்.

இனி மேலே. எல்லாரும் பயமுறுத்துவது காதுவலி பற்றி. அதன் காரணம் எளிமையானது. விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தத்தை ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் அடி உயரத்துக்கு உரியதாக வைத்திருப்பார்கள். ஏறக்குறைய ஊட்டியில் இருப்பது மாதிரி. இறங்கும்போது அரை மணி நேரத்துக்குள் ஊட்டியிலிருந்து கடற்கரைக்கு வந்துவிடுகிறோம். செவிப்பறைக்குப் பின்னால் உள்ள காற்று, தொண்டைக்குப் போகும் சிறு குழாய் வழியாகச் சமமாக வேண்டும். நாம் கொட்டாவி விட்டு, எச்சில் விழுங்கிச் சரிசெய்கிறோம். ஏலகிரியின் பதினாலு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கிய யாருக்கும் அந்த 'பட்' சத்தம் தெரியும். கைக்குழந்தைக்கு விழுங்கச் சொன்னால் புரியாது, அதனால் எதையாவது குடிக்கக் கொடுக்க வேண்டும். ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் வலி அதிகம். ஏறும்போதே வயிறு நிறையப் பால் கொடுத்துவிட்டால் இறங்கும்போது அவள் வாயைத் திறக்க மாட்டாள். பசியைக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். விமானி இறங்கத் தொடங்கிவிட்டோம் என்று சொல்லும்போதே ஆரம்பித்துவிட வேண்டும், சக்கரம் தரையைத் தொடும் நேரத்துக்குக் காத்திருந்தால் தாமதம். எங்கள் வீட்டில் மருந்தும் கஞ்சித் தண்ணியும் சங்கில்தான் புகட்டுவோம். வெள்ளிச் சங்கையும் கொண்டுபோயிருந்தேன். ஆட்டத்தில் அது சரிப்பட்டு வராது, புரையேறும். தாய்ப்பாலோ, பாட்டிலோ, உறிஞ்சும் எதுவோ அதுதான் சரி. சளியோ காதுத் தொற்றோ இருந்தால் கிளம்புவதற்கு முன் டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது.

காதைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு யாரும் வயிற்றைப் பற்றிப் பேசுவதில்லை. அழுத்தம் குறைந்தால் வயிற்றில் இருக்கும் காற்றும் விரியும், ஏறக்குறைய கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை கூடுதலாக. பெரியவர்கள் பேன்ட் பட்டனைத் தளர்த்திக்கொள்கிறோம். குழந்தை காலை மடக்கிக்கொண்டு அழுகிறது, நாம் அது காது என்று நினைத்து மறுபடி பால் கொடுக்கிறோம். தோளில் போட்டு ஏப்பம் வரும்வரை தட்டுங்கள். அரைஞாணையும் டயப்பரையும் தளர்த்துங்கள். பாதி அழுகை அங்கேயே நின்றது.

தூக்கம்தான் பெரிய பாடு. தூளிப் பிள்ளைக்கு அசையாத இடத்தில் தூக்கம் வராது. துபாய் போகும் பெரிய விமானங்களில் முன்சுவரில் மாட்டும் தொட்டில் கிடைக்கும், முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும், எடை வரம்பும் உண்டு. ஆனால் அது ஆடாது. ஆட்டம் வந்து பெல்ட் விளக்கு எரிந்தால் தூங்குகிற குழந்தையையும் அதிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் போன சின்ன விமானத்தில் தொட்டிலே இல்லை. அத்தையின் பழைய நூல் புடவையிலிருந்து தூளித் துணியைக் கிழித்து எடுத்துப் போயிருந்தேன். அதை அவள்மேல் போர்த்தி, குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கித் தொடையை ஆட்டினேன். அந்தத் துணியின் வாசனை தெரிந்ததோ என்னவோ, அரபிக்கடல் வரும்போது கண் சொருகினாள். தூக்க மருந்து, சளி மருந்து கொஞ்சம் கொடுத்துவிடு என்று சொல்கிறவர்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். கொடுக்காதீர்கள். மூச்சை அடக்கும் ஆபத்து ஒருபுறம், சில குழந்தைகளுக்கு அதே மருந்து தூக்கத்துக்குப் பதில் வெறியாட்டத்தைக் கிளப்பும்.

அவள் எழுந்தபின் எனக்குக் கழிப்பறை போக வேண்டியிருந்தது. இதை எந்தப் பட்டியலும் சொல்வதில்லை. தனியாகப் போகும் அம்மா எப்படி ஒண்ணுக்குப் போவாள்? விமானக் கழிப்பறையில் மடக்கிவைத்த பலகையைக் கீழே இழுத்தால் குழந்தைக்குத் துணி மாற்றலாம், அதுவும் எல்லாக் கழிப்பறையிலும் இருக்காது. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வேலையை முடிக்க முடியாது. பக்கத்தில் மேல்விஷாரத்துப் பெரியவர் ஒருவர். அவ்வளவு நேரமும் கண்ணை மூடி இருந்தவர்.

"பாய், ரெண்டு நிமிஷம் பாப்பாவை..."

நான் முடிப்பதற்குள் கையை நீட்டிவிட்டார். "குடும்மா. இதுக்கா தயங்கினே? நீ கூப்புடுவேன்னுதான் பாத்துக்கினு இருந்தேன். நானா கேட்டா நீ தப்பா எடுத்துக்குவியோன்னு."

திரும்பி வந்தபோது அவள் அவர் தாடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு நான் கேட்காமலே முன் சீட்டுப் பெண் சீட்டின் இடைவெளி வழியாக விரலை ஆட்டிக் காட்டினார். சாப்பாடு வந்ததும் பாய் தன் தட்டை மூடிவைத்துவிட்டு, "நீ மொதல்ல துன்னு" என்று அவளை மறுபடி வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் கேட்காமல் வந்து சேரும் கைகள்தான் இவையும். இங்கே வாய்விட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது. சுடுதண்ணி மட்டும் யாரிடமும் கைமாற்றாதீர்கள். சத்து மாவுக் கஞ்சி கரைக்கப் பணிப்பெண்ணிடம் கேட்டால் கொதிக்கக் கொதிக்கத் தருவார். குழந்தை இன்னொருவர் மடியில் இருக்கும்போது மட்டும் அதைத் திறந்தேன்.

இப்போது சிலர் பக்கத்து இருக்கைக்காரர்களுக்கு மிட்டாயும் காதடைப்பானும் போட்டுச் சின்னப் பை கொடுக்கிறார்களாம், 'எங்கள் குழந்தை அழுதால் மன்னிக்கவும்' என்று எழுதி. எனக்கு இது பிடிக்கவில்லை. அழப்போகிற குழந்தைக்கு முன்கூட்டியே அபராதம் கட்டுகிற மாதிரி இருக்கிறது. மிட்டாய் வாங்கிக்கொண்டவர் பதிலுக்கு ஹெட்போனைத்தான் மாட்டிக்கொள்வார். "கொஞ்சம் பிடிச்சுக்குறீங்களா?" என்று கேட்டால் ஒருவேளை இல்லை என்பார், ஒருவேளை கையை நீட்டுவார். நான் கேட்டவர்கள் பெரும்பாலும் நீட்டினார்கள். குறிப்பாக வளைகுடாவுக்குப் போகும் விமானங்களில். வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் சொந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிறவர்கள்தானே பாதிப் பேர்.

நடக்க ஆரம்பித்த பிறகு எல்லாம் தலைகீழ். அப்போது கைகள் போதாது, கால்கள் வேண்டும். காதும் வயிறும் அவளை அவ்வளவாகப் படுத்தவில்லை. பெல்ட்தான் எதிரி. மடியில் இருக்கும் குழந்தைக்கு நம் பெல்ட்டோடு கோத்துக்கொள்ளும் சின்ன பெல்ட் ஒன்று தருவார்கள், அதை மாட்டியதும் அவள் உடம்பை வில்லாக வளைத்தாள். விலை கொடுத்து வாங்கிய பொம்மைகள் சீட்டுக்கு அடியில் போய்விட்டன. கடைசிவரை வேலை செய்தது ஒரு காகிதக் கப்பும், பையின் அடியில் கிடந்த துணி கிளிப்புகளும்தான். கப்பின் விளிம்பில் மாட்டுவாள், கழற்றுவாள், எனக்குக் கொடுப்பாள், பிடுங்குவாள். விமானத்தில் கடைசியாக ஏறுங்கள் என்று நான் சொல்வதும் இந்த வயதுக்குத்தான். குழந்தை வைத்திருப்பவர்களை முதலில் கூப்பிடுவார்கள். கூட இன்னொரு பெரியவர் வந்தால் அவர் பைகளோடு முதலில் போகட்டும். தனியாக வந்தால்கூட வெளியே அவளை ஓடவிட்டு, வரிசை தேய்ந்த பிறகு ஏறினால் சீட்டில் கட்டிப்போடும் நேரத்தில் கொஞ்சமாவது மிச்சம்.

அடுத்த பயணத்துக்கு இப்போதே டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இரண்டு வயது வரைதான் மடி. இரண்டாவது பிறந்தநாளிலிருந்து தனி இருக்கை, தனி டிக்கெட். போகும்போது ஒன்றே முக்கால் வயது என்றாலும், அங்கே இருக்கும்போது இரண்டு முடிந்துவிட்டால் திரும்பி வரும்போது அவளுக்கு இருக்கை எடுத்தாக வேண்டும். பிறந்தநாளுக்கு முன்னாலேயே வந்துவிடுங்கள், காசு மிச்சம், இங்கேயே ஜலகண்டேஸ்வரர் கோயிலில் ஒரு அர்ச்சனையும் பண்ணிவிடலாம் என்கிறார் அத்தை. அவள் அப்பா கேக் வெட்ட அங்கேயே இருக்கச் சொல்கிறார். நான் தனி சீட்டின் பக்கம்தான். சண்டை இன்னும் முடியவில்லை.